சோழிக் கணக்கும் சந்திரனின் சுற்றும்: புதுச்சேரி வட்டாரத்தில் கிரகணம் கணித்த கலை

புதுச்சேரி வட்டாரத்தில் கிரகணம் கணித்தவர்களுக்குக் காகிதமும் எழுதுகோலும் தேவைப்படவில்லை. தரையில் சோழிகளை வரிசையாக வைத்தார்கள். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துச் சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். முடிவில் சந்திரனைக் கிரகணம் எந்த நாழிகையில் பிடிக்கும், எப்போது விடும் என்று சொன்னார்கள். இந்தத் தொழிலை இரண்டு ஐரோப்பியர்கள் புதுச்சேரியிலேயே பார்த்து எழுதிவைத்தனர். ஒருவர் 1768 முதல் 1770 வரை இங்கே தங்கிய பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ழாந்தி. மற்றவர் 1825-ல் நூல் வெளியிட்ட ஜான் வாரன். அவர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன இந்தக் கணக்கு, ஈர்ப்பு விசை பற்றிய பெரும் விவாதங்களின் நடுவே போய் நின்றது. அதன் அடியில் இருக்கும் எண்ணியல் உத்தி, இன்று குவாண்டம் கணினி எதற்காக வேண்டும் என்று கேட்கப்படுகிறதோ அந்தக் கேள்விக்கும் நெருங்கிய உறவு உடையது.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரும் பாகூரும் ஏரிப் பாசன ஊர்கள். வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி, தெற்கே பாகூர் ஏரி. உழவும் கோயிலும் சேர்ந்து நடக்கும் இத்தகைய ஊர்களில் நாள், திதி, நட்சத்திரம் தெரியாமல் எதுவும் நகராது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு நாள் குறிப்பதற்கும், அமாவாசைத் தர்ப்பணத்துக்கும், கிரகண நேரத்தில் கோயில் நடை சாத்துவதற்கும் சந்திரன் இருக்கும் இடம் தெரிந்தாக வேண்டும். பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளையும் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை என்று தலைப்பிட்டே எழுதினார். அந்தக் கம்பெனியின் வணிகமே இந்த நாள்காட்டியைத் தள்ளிவிட்டு நடக்கவில்லை.

இந்த நாட்டுப்புறத்தில் கல்வி எவ்வளவு பழையது என்பதற்குப் பாகூர்ச் செப்பேடு நேரடிச் சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. இவற்றின் வருவாய் கற்பவர், கற்பிப்பவர் பிழைப்புக்கு. ஐந்து செப்பு ஏடுகள், காளை முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை; பாடம் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் உள்ளது. அந்தக் கல்விக்கூடம் பதினான்கு வித்தைகளுக்கு உரியது என்கிறது செப்பேடு. மரபான எண்ணிக்கைப்படி நான்கு வேதம், ஆறு அங்கம், அவற்றோடு மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாஸ்திரம் என்பவை அந்தப் பதினான்கு. ஆறு அங்கங்களுள் ஒன்று ஜோதிடம். அந்தக் காலத்தில் அதன் முதல் பொருள் கோள்களின் கணக்கு. வானத்தை எண்ணால் பிடிக்கும் கல்விக்கு ஊர் வருவாயை எழுதிவைத்த நாடு இது.

தமிழ்நாட்டில் நிலைத்த கணக்கு முறைக்கு வாக்கிய முறை என்று பெயர். அதன் முதன்மை நூலான வாக்கியகரணம் காஞ்சி வட்டாரத்தில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. சித்தாந்த நூல்கள் கோள்களின் சராசரி வேகத்தையும் திருத்தங்களையும் முக்கோணவியலோடு கணக்கிடச் சொல்லும். வாக்கிய முறை அந்த வேலையை முன்கூட்டியே முடித்து, விடைகளை மட்டும் சொற்றொடர்களாகக் கட்டிக் கொடுத்துவிடும். கணிப்பவர் செய்ய வேண்டியது கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் மட்டுமே.

எண்ணைச் சொல்லாக மாற்றுவது கடபயாதி முறை. சமஸ்கிருத மெய்களுக்கு வரிசைப்படி இலக்கங்கள் உண்டு. உயிர் ஒலிக்கு மதிப்பு இல்லை. சொல்லை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'தேவர' என்ற சொல்லில் தகர வரிசையின் மூன்றாம் மெய்க்கு 8, வகரத்துக்கு 4, ரகரத்துக்கு 2. திருப்பிப் படித்தால் 248. 'கலானில' என்பது 3031. 'ரசகரிகா' என்பது 12372. இந்த மூன்றும் சந்திரக் கணக்கின் தூண்கள்.

சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது. தொலைவில் போகும்போது தளர்கிறது. மிகத் தொலைவான அந்தப் புள்ளிக்கு மந்தோச்சம் என்று பெயர். மந்தோச்சத்தில் தொடங்கி மறுபடி மந்தோச்சத்துக்கு வர ஏறத்தாழ 27.55455 நாள் ஆகிறது. இது முழு எண் அல்ல என்பதுதான் தொல்லை. கணிப்பவருக்குத் தெரிய வேண்டியது சூரியோதய வேளையில் சந்திரன் எங்கே என்பது. ஆகவே எத்தனை முழு நாள்களில் எத்தனை முழுச் சுற்றுகள் முடிகின்றன என்று தேட வேண்டும். 55 நாளில் 2 சுற்று என்பது தோராயம். 248 நாளில் 9 சுற்று என்பது நல்ல பொருத்தம். 3031 நாளில் 110 சுற்று, 12372 நாளில் 449 சுற்று என்பவை மிக நல்ல பொருத்தங்கள். 3031-ஐ 110-ஆல் வகுத்துப் பார்த்தால், இன்றைய அளவீட்டிலிருந்து ஒரு சுற்றுக்கு அரை வினாடி கூட வேறுபடுவதில்லை.

248 நாள்களுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்குபவை. ஒவ்வொன்றும் அன்றைய சூரியோதயத்தில் சந்திரன் எத்தனை ராசி, பாகை, கலை நகர்ந்திருக்கும் என்று சொல்லும். 248 முடிந்ததும் மறுபடி முதல் வாக்கியம். ஒவ்வொரு சுழற்சி முடிவிலும் சேர்க்க வேண்டிய நிலையான எண்ணுக்குத் துருவம் என்று பெயர். 248 நாள் சுழற்சியின் துருவம் 27 பாகை 44 கலை அளவில் வரும்.

1825 மே 31-ஆம் நாள் காலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முறை விளங்கும். கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 பிப்ரவரி 18-லிருந்து அன்று வரை கழிந்த நாள்கள் 1799312. முதலில் இதிலிருந்து 1600984-ஐக் கழிக்க வேண்டும். அந்த எண் 1282-ஆம் ஆண்டில் விழும் ஒரு நாளைக் குறிக்கிறது; அன்று காலைச் சந்திரன் மந்தோச்சத்தில் இருந்ததாகக் கணக்கு. வாக்கியகரணத்தின் காலத்தை அறிஞர்கள் உறுதி செய்ய உதவியதும் இந்த எண்தான். மீதி 198328. இதில் 12372 பதினாறு முறை போகும், மீதி 376. 3031 ஒரு முறையும் போகாது. 248 ஒரு முறை போகும், மீதி 128. ஆக, பதினாறு ரசகரிகாத் துருவங்கள், ஒரு தேவரத் துருவம், தொடக்க நாளின் துருவம், 128-ஆம் வாக்கியம் ஆகியவற்றைக் கூட்டினால் அன்று காலைச் சந்திரனின் இடம் கிடைத்துவிடும். பதினெட்டு லட்சம் நாள்களின் கணக்கு நான்கைந்து கழித்தலில் அடங்கிவிடுகிறது. சூரியனின் இடத்தையும் ராகுவின் இடத்தையும் இதுபோலவே எடுத்தால் கிரகணம் உண்டா, எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். விதிகளின் வரிசை, நினைவில் இருக்கும் அட்டவணை, இடைவிடைகளைத் தற்காலிகமாகத் தாங்கும் சோழி வரிசை: இந்த மூன்றும் பிரிந்து நின்று ஒன்றோடொன்று வேலை செய்வதுதான் கணிமை என்று இன்று அறியப்படுவதன் அடிப்படை.

லெ ழாந்தி இதைக் கற்க வந்தவர் அல்லர். 1761-லும் 1769-லும் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து செல்ல இருந்தது. அதைப் பூமியின் பல இடங்களிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால் சூரியனின் தொலைவு கிடைக்கும் என்று எட்மண்ட் ஹாலி முன்பே வழி சொல்லியிருந்தார். நியூட்டனின் ஈர்ப்பு விதி கோள்களின் தொலைவுகளை விகிதமாகத்தான் கொடுத்தது; மைல் கணக்கில் ஓர் அளவாவது வானத்தில் அளந்தால்தான் எல்லாம் நிலைபெறும். பிரெஞ்சு அறிவியல் கழகம் லெ ழாந்தியைப் புதுச்சேரிக்கு அனுப்பியது. 1760 மார்ச்சில் அவர் கப்பலேறினார். ஆனால் 1760-ல் ஆங்கிலப் படை புதுச்சேரியைச் சுற்றிலும் நெருக்கிக்கொண்டிருந்தது. வில்லியனூர்க் கோட்டை விழுந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. செய்தி மலபார்க் கடலோரத்தில் கிடைத்ததும் கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பல் தளத்திலிருந்து அவர் வெள்ளியைப் பார்த்தார்; அந்தப் பார்வை எந்தக் கணக்குக்கும் உதவாது.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்புக்காகக் கீழ்த்திசையிலேயே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தங்கியிருந்து, 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் கட்டித் தந்தனர். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. பதினோராண்டுப் பயணத்தின் நோக்கம் அந்தக் காலைப் பொழுதோடு முடிந்தது. இந்தக் கதை உலகெங்கும் துயரக் கதையாகவே சொல்லப்படுகிறது. காத்திருந்த மாதங்களில் அவர் செய்த இன்னொரு வேலை அதில் விட்டுப்போகிறது. தமிழர் எப்படிக் கிரகணம் கணிக்கிறார்கள் என்பதை அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். விடாப்பிடியாகக் கேட்டு, விதிகளை வாங்கி, அட்டவணைகளை எழுதிக்கொண்டார். வரலாற்றின் கணக்கில் வெள்ளிக் கடப்பை விட இதுவே அவருடைய பெரிய கொடை.

1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்திருந்த சந்திர கிரகணத்தை அளவுகோலாக வைத்து அவர் ஒரு சோதனை செய்தார். தமிழ்க் கணக்கில் கிரகணத்தின் கால அளவு 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவின் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணையில் அது 68 வினாடி கூடுதலாக வந்தது. இந்த ஒப்பீடு தமிழ்க் கணிதப் பெருமைக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரே ஒரு கிரகணத்தின் கால அளவை வைத்து ஒரு முறையின் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. மெய்யான வியப்பு வேறிடத்தில் உள்ளது. மேயரின் அட்டவணை நியூட்டனின் ஈர்ப்பு விதியிலிருந்து ஆய்லர் வருவித்த சமன்பாடுகளின்மேல் நின்றது. சோழிக் கணக்குக்கு ஈர்ப்பு என்ற ஒன்று தேவையே இல்லை. இரண்டும் ஒரே இடத்துக்கு அருகருகே வந்து சேர்ந்தன.

அந்த இரண்டும் சந்திக்கும் புள்ளி 27.55455 என்ற எண்தான். சந்திரன் விண்மீன்களுக்கிடையே ஒரு சுற்று வர 27.32 நாள், மந்தோச்சத்திலிருந்து மந்தோச்சத்துக்கு 27.55 நாள். வேறுபாட்டுக்குக் காரணம் மந்தோச்சமே நகர்வது. சூரியனின் ஈர்ப்பு சந்திரனின் பாதையை இழுத்துத் திருப்புவதால் அந்தப் புள்ளி ஏறத்தாழ 8.85 ஆண்டில் ஒரு முழு வட்டம் அடிக்கிறது. இதைத் தம் விதியிலிருந்து வருவிக்க நியூட்டன் முயன்றார். உண்மையில் பாதியளவுதான் வந்தது. 1747-ல் பாரீசில் அலெக்சி கிளேரோ அதே பாதியை மறுபடி அடைந்து, எதிர் இருபடி விதியையே திருத்த வேண்டியிருக்கும் என்று அறிவித்தார். 1749-ல் கிளேரோ தம் கணக்கை இன்னும் நுணுக்கமாகத் தொடர்ந்தபோது, விட்டுப்போன உறுப்புகளில் மறுபாதி கிடைத்தது. ஈர்ப்பு விதி தப்பியது. இயற்பியலின் ஆதார விதி ஒன்று இரண்டு ஆண்டுகள் கேள்விக்குறியில் தொங்கக் காரணமான அந்த எண்ணை, புதுச்சேரிக் கணிப்பவர்கள் 'கலானில' என்ற ஒரு சொல்லில் பத்திரமாக வைத்திருந்தனர்.

லெ ழாந்தி கொண்டுபோன அட்டவணைகள் ஐரோப்பாவில் திருவாரூர் அட்டவணைகள் என்று பெயர் பெற்றன. பாதிரிமார்கள் அனுப்பிய கிருஷ்ணபுரம், நரசாப்பூர் அட்டவணைகளையும் சேர்த்து ழான் சில்வேன் பாய் 1787-ல் இந்திய வானியல் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். கி.மு. 3102-லேயே இந்தியர்கள் வானத்தை நேரில் அளந்திருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. எடின்பரோவில் ஜான் பிளேஃபேர் அதை ஆதரித்தார். அப்போது பிரெஞ்சுக் கணித வானியலாளர் லாப்லாசிடமிருந்து எதிர்பாராத ஓர் ஆதரவு வந்தது. வியாழனும் சனியும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் வேகம் ஏறத்தாழ 900 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது என்பதை 1785-ல் அவர் கண்டுபிடித்திருந்தார். அந்தக் கோட்பாட்டை வைத்துக் கி.மு. 3102-க்குச் சனியின் ஆண்டு நகர்வைக் கணக்கிட்டால் 12 பாகை 13 கலை 14 விகலை வந்தது. இந்திய அட்டவணையில் 12 பாகை 13 கலை 13 விகலை. வியாழனுக்கு இரண்டிலும் 30 பாகை 20 கலை 42 விகலை. ஈர்ப்புக் கோட்பாடே இந்திய வானியலின் தொன்மைக்குச் சாட்சி சொல்வது போல இருந்தது.

அந்தச் சாட்சி நிலைக்கவில்லை. 900 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் சுழற்சியில் ஒரே வேகம் பல காலங்களில் வரும் என்பதால் பொருத்தம் காலத்தை நிறுவாது. லாப்லாசே பின்னர் தம் நூலில் 3102 ஒரு பின்னோக்கிய கணக்குத் தொடக்கம் மட்டுமே என்ற முடிவுக்கு வந்தார். 1971-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே பியார், இந்திய நூல்களின் கோள் எண்களை நவீனக் கணக்கோடு ஒப்பிட்டுப் பிழை வரைகளைப் போட்டுக் காட்டியபோது, ஆரியபட்டரின் எண்கள் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானத்தோடு மிக நெருங்கிப் பொருந்துவது தெரிந்தது. அதாவது அந்தக் காலத்தில் இந்தியாவில் மெய்யாகவே வானத்தை அளந்திருக்கிறார்கள். பாய் கற்பனை செய்த ஐயாயிரம் ஆண்டுத் தொன்மையை விட இந்த முடிவு உறுதியானது, மதிப்புமிக்கது.

இரண்டாம் சாட்சியான ஜான் வாரன் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலப் படையில் சேர்ந்தவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். வினாடி ஊசலின் நீளத்தைச் சென்னையில் அளந்து வெளியிட்டவர் அவர். ஓர் இடத்தில் புவியீர்ப்பு எவ்வளவு வலியது என்பதை அந்த நீளம்தான் சொல்லும். ஈர்ப்பைக் கையால் அளந்த அந்த மனிதரே ஈர்ப்பைப் பற்றிக் கவலைப்படாத கணக்கையும் பதிந்தார். தென்னிந்தியரின் கால அளவு முறைகளைத் தொகுத்த அவருடைய காலசங்கலிதம் 1825-ல் சென்னையில் அச்சாயிற்று. 1830-ல் புதுச்சேரியில் இறந்தார்.

அந்த நூலில் வரும் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிப்பாளர், 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைச் சோழி வைத்துக் கணித்துக் காட்டினார். கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. நினைவாற்றலும் வரிசை தவறாத ஒழுங்கும் மட்டும் இருந்தன என்று வாரன் குறிக்கிறார். விடை எப்படி இருந்தது? தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். 1282-ஐத் தொடக்கமாகக் கொண்ட எண்கள் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் திருத்தம் இல்லாமல் ஓடியதன் விளைவு அது. ஆனாலும் கிரகணம் உண்டு என்பதும், எந்த இரவு என்பதும், எந்தப் பொழுதில் என்பதும் சரியாகவே வந்தன. கோயில் நடை சாத்தவும் தர்ப்பணம் செய்யவும் அது போதும்.

இந்தக் கணக்கை 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி கையில் எடுத்தவர் ஓட்டோ நியூகெபவர். பாபிலோனியக் களிமண் ஏடுகளைப் படித்து அங்கே கணித வானியல் எப்படி நடந்தது என்று உலகுக்குக் காட்டியவர் அவர். 248 நாள் சுழற்சி அந்த ஏடுகளில் இருந்தது. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஒன்றில் 248-ம் 3031-ம் சேர்ந்தே இருந்தன. 1952-ல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே அவர் கட்டுரை எழுதினார். 1956-ல் வான் டெர் வார்டன் அதைத் தொடர்ந்தார். மெசொப்பொத்தாமியாவில் பிறந்த ஒரு கணக்கு முறை, உயிருள்ள கைத்தொழிலாக 19-ஆம் நூற்றாண்டு வரை நீடித்த இடம் புதுச்சேரி என்பது நியூகெபவரின் வியப்பு. அதற்காகத் தமிழகக் கணிதத்தை வெறும் இறக்குமதி என்று கொள்வது தவறு. எண்ணைச் சொல்லாக்கிய கடபயாதியும், 12372 என்ற அடுத்த படியும், 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவர் வாக்கியங்களை விகலை வரை திருத்தியதும் தென்னாட்டில் நடந்த வேலைகள். 1962-ல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் வாக்கியகரணத்தைச் சென்னையில் பதிப்பித்த பின், மூலத்தையே படித்துச் சரிபார்க்கவும் வழி பிறந்தது.

சந்திரக் கணக்கிலிருந்து குவாண்டம் கொள்கைக்குச் செல்லும் பாதை ஐரோப்பாவில் அமைந்தது. சார்ல் தெலோனே என்ற பிரெஞ்சுக்காரர் இருபது ஆண்டு உழைத்து, சந்திரனின் இயக்கத்தை 1860-லும் 1867-லும் இரண்டு பெரிய தொகுதிகளில் வெளியிட்டார். பாதையின் ஒவ்வொரு சுழற்சிக்கும் மாறாத ஓர் அளவையும் அதற்குரிய ஒரு கோணத்தையும் பிரித்தெடுக்கும் முறை அதில் உருவாயிற்று. 1916-ல் கார்ல் சுவார்ட்ஸ்சில்டு, அணுவுக்குள் எலெக்ட்ரான் எந்தப் பாதைகளில் இருக்கலாம் என்ற விதியை எழுத அந்தச் சந்திரக் கருவியையே எடுத்துக்கொண்டார்: அந்த மாறாத அளவு பிளாங்க் மாறிலியின் முழு மடங்காக இருக்க வேண்டும். அதே ஆண்டு சோமர்ஃபெல்டு எலெக்ட்ரானின் நீள்வட்டமும் மந்தோச்சம் போல மெல்லத் திரும்புகிறது என்று கொண்டு ஹைட்ரஜன் ஒளிக்கோடுகளின் நுண்பிளவை விளக்கினார்.

அடுத்த அணுவான ஹீலியத்தில் இந்த முறை உடைந்தது. 1868 ஆகஸ்ட் 18-ன் முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சனும், சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைமானி கொண்டு பார்த்ததும், அதே ஆண்டில் ஆங்கில வானியலாளர் லாக்கியர் ஆய்ந்த மஞ்சள் கோடும் அறிமுகப்படுத்திய தனிமம் அது. ஒரு கருவும் இரண்டு எலெக்ட்ரான்களும் மூன்று பொருள்கள். பூமி, சந்திரன், சூரியன் போலவே. வானியலாளரின் திருத்த முறைகளை முழுமையாகப் போட்டுப் பார்த்தும் ஹீலியத்தின் ஆற்றல் 1923-ல் மாக்ஸ் போர்னுக்கும் ஹைசன்பர்க்குக்கும் சரியாக வரவில்லை. பாதை என்ற எண்ணத்தையே கைவிட்டால்தான் வழி உண்டு என்பது தெளிவானது. 1925-ல் ஹைசன்பர்க் அதைச் செய்தார். சந்திரனைப் பிடித்த கணக்கு அணுவைப் பிடிக்காமல் போனதே புதிய குவாண்டம் இயக்கவியலுக்குக் கதவைத் திறந்தது.

அந்தப் புதிய இயக்கவியலில் ஒரு சிக்கல். துகள்கள் கூடக் கூட, அவற்றின் நிலையை எழுதத் தேவைப்படும் எண்கள் இரட்டித்து இரட்டித்துப் பெருகும். சாதாரணக் கணினியால் ஈடுகொடுக்க முடியாது. 1981-ல் ரிச்சர்டு ஃபைன்மன், இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்றால் அதைக் கணிக்கும் பொறியும் குவாண்டம் விதிப்படி நடக்கட்டும் என்றார். 1985-ல் டேவிட் டாய்ச் அத்தகைய பொதுக் கணினியின் கோட்பாட்டை எழுதினார். 1994-ல் பீட்டர் ஷோர் அதற்கு மெய்யான ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்: ஒரு பெரிய எண்ணின் காரணிகளைப் பிரிப்பது.

ஷோரின் வழிமுறைக்குள் பார்த்தால் புதுச்சேரிச் சோழிக் கணக்கின் இதயம் தெரியும். காரணி காண வேண்டிய எண்ணிலிருந்து ஒரு தொடரை உருவாக்குகிறார்கள். அது குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி அதே எண்களைத் தரும். அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால் காரணிகள் கிடைத்துவிடும். குவாண்டம் கணினி அந்த இடைவெளியை நேராகச் சொல்வதில்லை. அதை மறைத்து வைத்திருக்கும் ஒரு பின்னத்தைத் தோராயமாகத் தருகிறது. அதற்கு மேல் நடப்பது சாதாரணக் கணக்கு: தொடர் பின்னமாக விரித்து, அந்தத் தோராயத்துக்கு மிக நெருங்கிய சிறிய பின்னத்தை எடுப்பது. சந்திரச் சுற்றுக்குத் தென்னிந்தியக் கணிதர்கள் கொண்ட அளவைத் தொடர் பின்னமாக விரித்தால் அடுத்தடுத்து வருபவை 55/2, 248/9, 3031/110, 12372/449. 248-ஐப் 12 மடங்காக்கி 55-ஐக் கூட்டினால் 3031. 3031-ஐ 4 மடங்காக்கி 248-ஐக் கூட்டினால் 12372. அவர்கள் இந்த விரிவை வல்லி என்ற பெயரில் முறையாகவே கையாண்டார்கள். மறைந்திருக்கும் சுழற்சியை முழு எண்ணில் பிடிப்பது இரு இடத்திலும் ஒன்றே. மாறியிருப்பது சுழற்சியைத் தேடும் பொருள்: அன்று பல நூற்றாண்டு வானப் பார்வை, இன்று குவாண்டம் நிலைகளின் மேற்பொருத்தம். ஷோரின் வழிமுறையால் இன்றைய மறைகுறியீடுகள் உடையக்கூடும் என்பதால் குவாண்டம் தகவல் தொடர்பும் முக்கியமாயிற்று. 2023-ல் ஒன்றிய அரசு ஏற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில் அதற்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்துள்ளது.

வாக்கியக் கணக்கு இன்னும் வழக்கொழியவில்லை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர், பஞ்சாங்கம் நேரில் காணும் வானத்தோடு பொருந்த வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். சூடான வாயுக்களில் அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் அளவுக்குச் சமன்பாடு தந்த மேகநாத சாகாவின் தலைமையில் அமைந்த குழு, 1955-ல் நாடு முழுவதற்குமான நாள்காட்டிச் சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்தது. திருக்கணிதப் பஞ்சாங்கம் இந்த வழியில் வந்தது. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த திருநள்ளாறு உட்படப் பல கோயில்கள் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குள் 2023 ஜனவரி 17 அன்று சென்றது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று நடந்தது. வியாழனின் ஈர்ப்பால் சனியின் வேகம் மாறுவது வாக்கிய எண்களில் இல்லை. பல நூற்றாண்டுச் சிறு பிழைகளும் சேர்ந்துவிட்டன. வழிபாட்டு நாளைக் கோயில் தன் மரபுப்படி வைத்துக்கொள்வது அதன் உரிமை. வானில் சனி எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை திருக்கணிதத்தில்தான் உள்ளது.

வாரனுக்குக் கணக்குக் காட்டியவரைப் போன்றோர் சொல்லித் தந்தவை பெரும்பாலும் குடும்ப ஓலைகளில் தங்கின. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் பேணப்படுகின்றன. அவற்றின் சைவச் சுவடித் தொகுதி 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வீடுகளில் பரணில் கணக்குச் சுவடி வைத்திருப்பவர்கள், அது ஜாதக ஓலையாக இருந்தாலும் எண் நிறைந்த பழைய ஏடாக இருந்தாலும், கரையானுக்கு விடாமல் அத்தகைய நிறுவனத்தில் காட்டிப் படியெடுக்கச் செய்ய வேண்டும்.